இளநிலை ஆய்வை அவைமுன் வைப்பது எப்படி?

தமிழகத்துக் கலை, அறிவியல் கல்லூரிகளில் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் செய்யும் ப்ராஜெக்ட் பெரும்பாலும் ஒரே விதமாகத்தான் முடிகிறது. நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு, இரண்டு மூன்று மாதங்கள் ஆய்வகத்தில் உழைத்து, கடைசி வாரத்தில் கண்விழித்துத் தட்டச்சு செய்து, பைண்டிங் கடையில் காத்துக் கிடந்து, வழிகாட்டும் ஆசிரியரின் கையெழுத்தைப் பெற்று, பத்து நிமிட வைவாவோடு அந்தத் தடித்த புத்தகத்தைத் துறை அலமாரியில் சேர்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, ஒரு மருந்து நிறுவனத்தின் தரக்கட்டுப்பாட்டு வேலைக்கோ, ஆய்வு நிறுவனத்தில் திட்ட உதவியாளர் பணிக்கோ, முனைவர் பட்டச் சேர்க்கைக்கோ நேர்காணலில் உட்காரும்போது முதலில் வரும் கேள்வி அந்தப் புத்தகத்தைப் பற்றியதாகவே இருக்கும்: “ப்ராஜெக்ட்டில் நீங்கள் என்ன செய்தீர்கள்?” மேசையின் மறுபக்கம் உட்கார்ந்து இந்தக் கேள்வியைப் பல முறை கேட்டிருக்கிறேன். தலைப்பை மனப்பாடமாகச் சொல்பவர்கள் நிறையப் பேர். தம் கையால் செய்ததைச் சொல்பவர்கள் சிலர்தான். அந்தச் சிலரில் பெரும்பாலோர், தம் ஆய்வை அதற்கு முன்பே எங்காவது ஓர் அவையில் நின்று சொல்லிப் பார்த்தவர்கள்.

பிறர்முன் சொல்லும்போதுதான் நாம் எதைச் செய்தோம், எதைச் செய்யாமல் விட்டோம், நம் முடிவில் எவ்வளவை நம்பலாம் என்பது நமக்கே விளங்குகிறது. ஆகவே போஸ்டரையும் பேச்சையும் ஆய்வு முடிந்தபின் செய்யும் அலங்காரமாகக் கருதாமல், ஆய்வின் ஒரு பகுதியாகவே கருதித் தொடக்கத்திலிருந்து திட்டமிட வேண்டும்.

முதல் நாளிலேயே செய்ய வேண்டியவை

நுண்ணுயிரியல், தாவரவியல், உயிர்வேதியியல் துறைகளில் மிகப் பரவலாகச் செய்யப்படும் ப்ராஜெக்ட் ஒன்றையே எடுத்துக்கொள்வோம்: மூலிகைச் சாறுகளின் பாக்டீரியா எதிர்ப்புத் திறன். இதில் தவறு ஏதும் இல்லை. செலவு குறைவு, கல்லூரி ஆய்வகத்திலேயே செய்யலாம், முடிவு கண்ணுக்குத் தெரியும். குறை இருப்பது கேள்வியில். “சில மூலிகைகளின் நுண்ணுயிர் எதிர்ப்புத் திறன் பற்றிய ஆய்வு” என்பது தலைப்பு மட்டுமே. அதில் கேள்வி இல்லை. “வேப்பிலையை நிழலில் உலர்த்துவதற்கும் வெயிலில் உலர்த்துவதற்கும் அதன் சாற்றின் எதிர்ப்புத் திறனில் வேறுபாடு உண்டா?” என்பது கேள்வி. இரண்டாவதற்கு ஆம், இல்லை, இந்த அளவுக்கு ஆம் என்று விடை சொல்ல முடியும். விடை சொல்ல முடிகிற சிறிய கேள்வியே ஒரு பருவத்துக்குப் போதும். அவையில் நின்று சொல்வதற்கும் அதுவே எளிது, ஏனென்றால் கேட்பவருக்கு முதல் வரியிலேயே ஆவல் பிறந்துவிடுகிறது.

அடுத்து, பின்னாளில் யாராவது கேட்கப்போகும் கேள்விகளை இப்போதே நமக்கு நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். பாக்டீரியாவைப் பரப்பிய அகர் (பாக்டீரியா வளர்க்கும் கூழ்) தட்டில் 6 மி.மீ. குழி வெட்டி, மெத்தனாலில் எடுத்து டி.எம்.எஸ்.ஓ. என்னும் கரைப்பானில் கரைத்த சாற்றை ஊற்றி, 37 பாகை செல்சியஸில் 24 மணி நேரம் வைத்து, குழியைச் சுற்றி பாக்டீரியா வளராமல் உருவான தடை வளையத்தை அளக்கிறோம். சாறு இல்லாமல் டி.எம்.எஸ்.ஓ. மட்டும் ஊற்றிய கட்டுப்பாட்டுக் குழி ஒன்று அதே தட்டில் இருந்ததா? இல்லையென்றால் பாக்டீரியாவைத் தடுத்தது வேம்பா, கரைப்பானா என்று சொல்ல வழியில்லை. ஒப்பிடுவதற்கு, ஏற்கெனவே நன்கு அறியப்பட்ட ஆன்டிபயாட்டிக் வட்டு ஒன்று வைத்தீர்களா? வளையத்தின் விட்டத்தை அளந்தபோது குழியின் 6 மி.மீ.யையும் சேர்த்தீர்களா, கழித்தீர்களா? எப்படிச் செய்தாலும் பரவாயில்லை, எல்லாத் தட்டுகளிலும் ஒரே விதமாகச் செய்து, அதை எழுதியும் வைக்க வேண்டும்.

மூன்று முறை திரும்பச் செய்தோம் என்று ஏறக்குறைய எல்லோரும் சொல்கிறார்கள். ஒரே சாற்றை ஒரே தட்டில் மூன்று குழிகளில் ஊற்றினால், அது நம் கை எவ்வளவு சீராக இருக்கிறது என்பதை மட்டுமே காட்டும். வெவ்வேறு மரங்களிலிருந்து இலை பறித்து, தனித்தனியே உலர்த்தி, தனித்தனியே சாறெடுத்து, வெவ்வேறு நாள்களில் செய்த மூன்று சோதனைகள்தான் வேப்பிலையைப் பற்றி ஏதோ சொல்கின்றன. இந்த வேறுபாட்டை விளக்கத் தெரிந்த இளநிலை மாணவரை எந்த நடுவரும் எளிதில் மறப்பதில்லை.

குழுவில் ஆளுக்கு ஒரு பகுதியைப் பொறுப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் மற்றவர் பகுதியையும் ஒரு முறையாவது கூட நின்று செய்து பாருங்கள். ஆய்வகக் குறிப்பேட்டில் தேதி, எடை, அளவு, தவறிப்போன சோதனை எல்லாவற்றையும் அன்றன்றே பேனாவால் எழுதுங்கள். தட்டுகளைப் படமெடுக்கும்போது பக்கத்தில் ஓர் அளவுகோலை வையுங்கள். இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். காசு கொடுத்தால் முடித்த ப்ராஜெக்ட்டையே கையில் தரும் கடைகள் நம் ஊர்களில் இருக்கின்றன. அங்கே வாங்கிய புத்தகத்துக்கு மதிப்பெண் கிடைக்கலாம். ஆனால் இந்த வழிகாட்டியில் சொல்லப்படும் எதையும் அதை வைத்துச் செய்ய முடியாது. முதல் கேள்வியிலேயே நின்றுவிடும்.

பணத்துக்கும் இடத்துக்கும் வழி உண்டு. தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் ப்ராஜெக்ட்டுகளுக்கு உதவித்தொகை தரும் திட்டம் ஒன்றை நடத்துகிறது. கல்லூரி வழியாக விண்ணப்பிக்க வேண்டும். இந்தியாவின் மூன்று அறிவியல் கழகங்களும் இணைந்து நடத்தும் கோடைக்கால ஆய்வுத் திட்டத்தில் தேர்வானால், நாட்டின் ஏதேனும் ஓர் ஆய்வகத்தில் இரண்டு மாதங்கள் ஒரு விஞ்ஞானியின் கீழ் வேலை செய்யலாம். மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், பெங்களூருவின் ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையம், சென்னை ஐ.ஐ.டி. ஆகியவையும் தனித்தனியே கோடைத் திட்டங்கள் நடத்துகின்றன. கோடை மே மாதத்தில் வந்தாலும் விண்ணப்பங்கள் பல மாதங்களுக்கு முன்பே முடிந்துவிடும் என்பதால், இரண்டாம் ஆண்டுத் தீபாவளி விடுமுறையிலிருந்தே அறிவிப்புகளைப் பார்த்துவர வேண்டும்.

சுருக்கம்

மாநாட்டுக்கு முதலில் அனுப்புவது ஆய்வுச் சுருக்கம். வழக்கமாக 250 சொற்களுக்குள் கேட்பார்கள். நம் மாணவர்கள் அதில் பாதியை “பண்டைக் காலந்தொட்டே மூலிகைகள் மருத்துவத்தில் பயன்பட்டு வருகின்றன” என்பது போன்ற வரிகளில் செலவிட்டு, “முடிவுகள் விவாதிக்கப்படும்” என்று முடிக்கிறார்கள். முடிவைச் சொல்லாத சுருக்கத்தைப் படித்துப் பயனில்லை. பின்னணிக்கு ஒரு வாக்கியமும் கேள்விக்கு ஒரு வாக்கியமும் போதும். மீதியெல்லாம் செய்ததும் கண்டதும். எடுத்துக்காட்டாக, கற்பனை எண்களைக் கொண்டு ஒரு வாக்கியம்: “நிழலில் உலர்த்திய இலையின் சாறு, ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியாவுக்கு எதிராகச் சராசரியாக 15 மி.மீ. தடை வளையத்தையும், வெயிலில் உலர்த்திய இலையின் சாறு 12 மி.மீ. வளையத்தையும் தந்தன, ஒவ்வொன்றுக்கும் மூன்று தனித்தனிச் சாறுகள் சோதிக்கப்பட்டன.” இந்த ஒரு வாக்கியத்தை எழுத முடிந்தால் போஸ்டரும் பேச்சும் பாதி முடிந்த மாதிரி.

சுருக்கத்தை அனுப்புவதற்கு முன் வழிகாட்டும் ஆசிரியரிடம் காட்டி ஒப்புதல் பெறுவதும், யார் யார் பெயர் எந்த வரிசையில் வர வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசிக்கொள்வதும் கட்டாயம். கோடைத் திட்டத்தில் வெளி ஆய்வகத்தில் எடுத்த தரவுகளை அந்த ஆய்வகத் தலைவரின் அனுமதி இல்லாமல் கல்லூரிக் கருத்தரங்கில்கூடக் காட்டக் கூடாது. அறியாமல் இதைச் செய்து, பரிந்துரைக் கடிதத்தை இழந்தவர்கள் உண்டு.

போஸ்டர்

போஸ்டரை நின்றபடி, சற்றுத் தள்ளியிருந்து படிப்பார்கள். ஆகவே ப்ராஜெக்ட் புத்தகத்தின் பக்கங்களை அப்படியே வெட்டி ஒட்டினால் அது போஸ்டர் ஆகாது. தலைப்பைக் கேள்வியாகவோ முடிவாகவோ எழுதுங்கள். நடுவில் ஒரே ஒரு வரைபடம் பெரிதாக இருக்கட்டும். மற்றவை அதற்குத் துணை நிற்கட்டும். முறைகளைப் பத்தியாக எழுதாமல், இலையிலிருந்து தட்டு வரை அம்புக்குறி போட்ட படமாக வரையுங்கள். மூன்றடி தள்ளி நின்று படிக்க முடியாத எழுத்து எதுவும் வேண்டாம். கல்லூரி முத்திரைக்கும் பின்னணி மலர்ப் படத்துக்கும் இடம் கொடுத்துவிட்டு எழுத்தைச் சுருக்குவது நம்மிடம் உள்ள பெரிய குறை. பின்னணி வெள்ளையாகவே இருந்தால் போதும்.

அச்சுக்குக் கொடுக்கும் இடத்தில் கவனம் தேவை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கருத்தரங்கில் நடுவராக இருந்தபோது பார்த்த ஒரு போஸ்டரில், ஒவ்வொரு குழியிலும் 50 மில்லிலிட்டர் சாறு ஊற்றப்பட்டதாக அச்சாகியிருந்தது. 6 மி.மீ. குழியில் 50 மில்லிலிட்டரை ஊற்றவே முடியாது. அது 50 மைக்ரோலிட்டர். நடந்தது இதுதான்: மாணவி தன் கோப்பில் மைக்ரோவைக் குறிக்கும் கிரேக்க எழுத்தைச் சிம்பல் எழுத்துருவில் போட்டிருந்தார், ஃப்ளெக்ஸ் கடையில் வாக்கியங்களை நகலெடுத்து அவர்களுடைய மென்பொருளில் ஒட்டியபோது எழுத்துரு மாறி, அந்த எழுத்து மில்லியைக் குறிக்கும் ஆங்கில எழுத்தாக ஆகிவிட்டது. ஆயிரம் மடங்கு பிழை! அந்த மாணவி அதைக் கவனித்து, நடுவர்கள் வருமுன்பே பேனாவால் திருத்தி, கேட்டவர்களுக்கெல்லாம் காரணத்தையும் சொன்னார். அவருக்கு நாங்கள் மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் இப்படிக் கண்ணில் படாது. கோப்பை எழுத்துருக்கள் உட்பொதிந்த பி.டி.எஃப். ஆக மாற்றிக் கொடுத்து, கடைக்காரரிடம் ஒரு தாளில் சிறிய மாதிரி எடுத்துத் தரச் சொல்லி, எண்களையும் அலகுகளையும் மட்டும் தனியாக ஒருமுறை சரிபார்த்துவிட்டு, பிறகு பெரிதாக அச்சடிக்கச் சொல்லுங்கள்.

வரைபடத்தில் பிழைப்பட்டை போட்டால், அது திட்ட விலக்கமா (அளவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியுள்ளன என்பது), திட்டப் பிழையா (அந்தச் சராசரி எவ்வளவு உறுதியற்றது என்பது) என்று கீழே எழுதுங்கள். 14, 15, 16 என்ற மூன்று அளவுகளுக்குத் திட்ட விலக்கம் 1. திட்டப் பிழை சுமார் 0.58. எதைப் போட்டோம் என்று சொல்லாவிட்டால், பட்டை சிறிதாகத் தெரிவதற்காகவே போட்டதாகப் பார்ப்பவர் எண்ணக்கூடும். மென்பொருள் தானாகப் போட்டது என்ற பதிலை ஒருபோதும் சொல்லாதீர்கள்.

போஸ்டர் பக்கத்தில் நிற்கும்போது சொல்வதற்கு இரண்டு பேச்சுகளைத் தயார் செய்துகொள்ளுங்கள்: நடந்துகொண்டே பார்ப்பவருக்கு அரை நிமிடம், நின்று கேட்பவருக்கு இரண்டு நிமிடம். “சார், விளக்கட்டுமா?” என்று கேட்டுவிட்டுத் தொடங்குவதே முறை. வந்தவர் எந்தத் துறை என்று தெரிந்துகொண்டால் எங்கே தொடங்குவது என்பது தானாகத் தெரியும்.

மேடைப் பேச்சு

பத்து நிமிடப் பேச்சுக்கு எட்டு அல்லது ஒன்பது ஸ்லைடுகள் போதும். ஸ்லைடில் உள்ளதைப் படித்துக் காட்டுவதற்கு நீங்கள் தேவையில்லை. அதை அவையே படித்துக்கொள்ளும். வரைபடம் வரும் ஸ்லைடில் மட்டும் நிதானமாக நில்லுங்கள். “கிடை அச்சில் சாற்றின் செறிவு, செங்குத்து அச்சில் தடை வளையத்தின் விட்டம் மில்லிமீட்டரில், பச்சை நிறம் நிழலில் உலர்த்தியது, மஞ்சள் வெயிலில் உலர்த்தியது” என்று அச்சுகளை முதலில் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகே “பச்சை எப்போதும் மேலே இருப்பதைப் பாருங்கள்” என்று சொல்ல வேண்டும். நீங்கள் அந்த வரைபடத்தை நூறு முறை பார்த்தவர். அவை இப்போதுதான் முதல்முறை பார்க்கிறது.

மொழி பற்றிய அச்சம்தான் பலரை மேடையேற விடாமல் தடுக்கிறது. பள்ளியில் தமிழ் வழியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வந்த முதல் தலைமுறை மாணவர்கள், ஆங்கிலத்தில் எழுதிய பேச்சை மனப்பாடம் செய்து, நடுவில் ஒரு சொல் மறந்தால் மொத்தமும் மறந்து நிற்பதைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது. அவர்களுக்கு நான் சொல்வது இது: முதலில் முழு ஆய்வையும் தமிழில், வீட்டில் அம்மாவுக்கோ தம்பிக்கோ புரியும்படி சொல்லிப் பாருங்கள். சொல்ல முடியாமல் தடுமாறுகிற இடம் எதுவோ, அது ஆங்கிலம் தெரியாத இடம் அன்று, ஆய்வு புரியாத இடம். அதைத் தெளிவாக்கிய பிறகு, ஒவ்வொரு ஸ்லைடுக்கும் முதல் வாக்கியத்தை மட்டும் ஆங்கிலத்தில் எழுதி மனத்தில் இருத்திக்கொண்டு, மீதியைச் சிறிய வாக்கியங்களில் சொந்தமாகச் சொல்லுங்கள். அறிவியல் அவையில் இலக்கணப் பிழைக்காக யாரையும் தள்ளுவதில்லை. அலகுப் பிழைக்கு நிச்சயம் கேள்வி வரும்.

ஒத்திகையை விடுதி அறையில் வேறு துறை நண்பர் ஒருவர்முன் செய்யுங்கள். கைப்பேசியில் பதிவு செய்து கேட்பது முதலில் கூச்சமாக இருக்கும்; ஆனாலும் நாம் எத்தனை முறை “ஓகே” என்கிறோம் என்பதை வேறு எவரும் சொல்லமாட்டார்கள்.

கேள்விகள்

முழு நிகழ்விலும் மிக மதிப்புள்ள நேரம் கடைசி இரண்டு நிமிடங்கள்தான். நேர்காணலுக்கான பயிற்சி என்று பார்த்தால், எந்தப் பயிற்சி வகுப்பும் தராததை இந்த இரண்டு நிமிடங்கள் தருகின்றன. கேள்வியை முழுவதும் கேளுங்கள், பாதியில் குறுக்கிடாதீர்கள். புரியவில்லை என்றால், “நீங்கள் கேட்பது செறிவைப் பற்றியா, இலையின் வயதைப் பற்றியா?” என்று திரும்பக் கேளுங்கள், அதில் இழுக்கு இல்லை. பிறகு ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு, முதல் வாக்கியத்திலேயே விடையைச் சொல்லிவிட்டுக் காரணத்தைப் பின்னால் சொல்லுங்கள்.

தெரியாத கேள்விக்குத் “தெரியாது” என்று சொல்லலாமா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். தாராளமாகச் சொல்லலாம், ஆனால் அத்தோடு நிறுத்தக் கூடாது. “வெயிலில் உலர்த்தும்போது எந்தச் சேர்மம் சிதைகிறது?” என்று கேட்டால், “அதை நாங்கள் அளக்கவில்லை. அளப்பதாக இருந்தால், இரண்டு சாறுகளையும் முதலில், சேர்மங்களைத் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரிக்கும் மெல்லேட்டு வண்ணப்படிவுப் பிரிகையில் (டி.எல்.சி.) பக்கம் பக்கமாக ஓட்டி, எந்தப் புள்ளி மங்குகிறது என்று பார்ப்போம்” என்று சொல்பவர், விடை தெரியாதபோதும் தமக்குச் சிந்திக்கத் தெரியும் என்று காட்டிவிடுகிறார். வேலைக்கு ஆள் எடுப்பவர் தேடுவதும் இதைத்தான். மாறாக, தெரிந்ததுபோல் பூசி மெழுகினால் அடுத்த கேள்வி அதைவிட ஆழமாக வரும்.

சில வேளைகளில் கேள்வி கடுமையாக வரும். பொது அவையில் மாணவரைச் சிறுமைப்படுத்திப் பேசும் பெரியவர்களும் இருக்கிறார்கள், அது தவறு என்று நான் உறுதியாக நம்புகிறேன். அப்போதும் குரலை உயர்த்தாமல், அதில் உள்ள அறிவியல் கேள்வியை மட்டும் பிரித்தெடுத்துப் பதில் சொல்லுங்கள். கட்டுப்பாட்டுக் குழி வைக்கவில்லை என்று அவர் சுட்டினால், அது உண்மையென்றால், “ஆம், அது எங்கள் ஆய்வின் குறை” என்று ஒப்புக்கொண்டு நகருங்கள். கேட்கப்பட்ட ஒவ்வொரு கேள்வியையும் அன்று மாலைக்குள் குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள். அடுத்த சோதனைக்கான திட்டம் பெரும்பாலும் அந்தப் பக்கத்திலேயே இருக்கும்.

தேநீர் இடைவேளையில் மூலையில் நண்பர்களோடு நின்றுவிடாதீர்கள். 1928-இல் ஜெர்மானிய இயற்பியலாளர் ஆர்னால்ட் சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்து மாநிலக் கல்லூரியில் உரையாற்றினார். அப்போது அங்கே இளநிலை மாணவராக இருந்த, பின்னாளில் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், அவர் எழுதிய நூலைப் படித்திருந்த துணிவில், அவர் தங்கியிருந்த விடுதிக்கே சென்று சந்தித்தார். அந்த நூலில் உள்ள இயற்பியல் பழையதாகிவிட்டது என்று சொன்ன சோமர்ஃபெல்ட், உலோகங்களில் எலக்ட்ரான்களைப் பற்றிப் புதிய குவாண்டம் புள்ளியியலின்படி தாம் எழுதியிருந்த, இன்னும் வெளிவராத கட்டுரையின் அச்சுப்படியை அவரிடம் கொடுத்தார். அதைப் படித்துத் தேர்ந்து, அந்தப் புதிய புள்ளியியலைக் காம்ப்டன் சிதறலுக்கு (எக்ஸ் கதிர்கள் எலக்ட்ரான்களில் பட்டுச் சிதறுவதற்கு) பொருத்திச் சந்திரசேகர் எழுதிய கட்டுரை 1929-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியாயிற்று. அவருக்கு அப்போது இருபது வயதுகூட நிரம்பவில்லை. நம் கல்லூரிக்கு வருகிற விருந்தினரிடம் ஒரு நல்ல கேள்வியோடு போய் நிற்பதற்கு இன்றும் தடை எதுவும் இல்லை.

பிறகு

தன்விவரக் குறிப்பில் “தேசியக் கருத்தரங்கில் பங்கேற்றேன்” என்று எழுதுவதைவிட, “வேப்பிலை உலர்த்தும் முறை பற்றிய எங்கள் ஆய்வில் சாறெடுத்தலும் தட்டுச் சோதனைகளும் என் பொறுப்பு, முடிவுகளைப் போஸ்டராக வழங்கினேன்” என்று எழுதினால் படிப்பவருக்குக் கேட்பதற்கு ஏதாவது கிடைக்கும். தரக்கட்டுப்பாட்டு வேலைக்கு விண்ணப்பித்தால் அளவீடு, பதிவேடு, திரும்பச் செய்தல் ஆகியவற்றை முன்னால் வையுங்கள். ஆசிரியப் பணிக்கு என்றால், அதே ஆய்வைப் பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாளன்று ஏதாவது அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விளக்கியதை எழுதுங்கள். விளக்கவில்லை என்றால், அடுத்த பிப்ரவரியில் விளக்குங்கள். எந்தத் தலைமையாசிரியரும் மறுக்கமாட்டார்.

கட்டணம் கட்டினால் சுருக்கத்தைப் படிக்காமலேயே ஏற்றுச் சான்றிதழ் தரும் மாநாடுகளையும், ஒரே வாரத்தில் அச்சேற்றும் இதழ்களையும் தவிர்த்துவிடுங்கள். அங்கே யாரும் கேள்வி கேட்பதில்லை. பரிந்துரைக் கடிதம் கேட்கும்போது, உங்கள் பேச்சை நேரில் கேட்ட ஆசிரியரிடம் குறைந்தது மூன்று வாரங்கள் முன்பாகக் கேட்டு, உங்கள் சுருக்கத்தையும் நீங்கள் தனியாகச் செய்தவற்றின் அரைப்பக்கப் பட்டியலையும் சேர்த்துக் கொடுங்கள்.

ப்ராஜெக்ட் புத்தகத்தைத் துறையில் ஒப்படைப்பதற்கு முன் ஆய்வகக் குறிப்பேட்டின் எல்லாப் பக்கங்களையும் ஆசிரியரின் அனுமதியோடு படமெடுத்து, தட்டுகளின் படங்கள், கணக்கீட்டுக் கோப்பு, போஸ்டர் ஆகியவற்றோடு ஒரே கோப்புறையில் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். குழுவில் இன்னொருவரிடமும் ஒரு நகல் இருக்கட்டும். நேர்காணலுக்கு முந்தைய நாள் இரவு உங்களுக்குத் தேவைப்படுவது அந்தக் கோப்புறைதான்.